ஆர்ச்சர் வீட்டு விடுதலைப் பத்திரம்

அன்று மாவட்டக் கச்சேரியில் இருந்தவர்கள் இவர்கள். மேடைமேல் நடு நாற்காலியில் கர்னல் பைத் துரை. அவருக்கு இருபுறமும் பண்ணைக்கார நீதிபதிகள் மூன்று பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே மேஜையில் எழுத்தர் க்ரென்ஷா துரை. வாசலில் ஷெரீப். வெள்ளைக்காரர்களின் பெஞ்சுகளில், வழக்குக்கு வந்தவர்களும் குதிரை விற்க வந்து குளிருக்கு ஒதுங்கியவர்களுமாக முப்பது பேர். பின்சுவரை ஒட்டி நின்றவர்கள் நான்கு பேர்: செங்கல் சூளை பிலேமோன் ஆர்ச்சர், அவர் மனைவி கெசியா, மகள் டாமரிஸ், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த படகோட்டி பெரி சேவிஸ். திறந்த ஜன்னலுக்கு வெளியே, இஞ்சி கேக் கூடையோடு சுக்கி. அவ்வளவுதான். நானும் அங்கே இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அறுபது பேராவது இருப்பார்கள். அவர்கள் யாரும் இல்லை.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்றாம் வருடம், நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை. வர்ஜீனியாவில் ஆற்றுக்குத் தெற்கே உள்ள அந்த மாவட்டத்தில் மாதத்தின் முதல் திங்கள்தான் கச்சேரி நாள். கட்டடத்துக்கு முன்னால் ஏழு படிகள். மாவட்டத்தில் நடக்கிறதெல்லாம் அந்தப் படிகளில்தான் நடக்கும். பண்ணைக்காரர் ஒருவர் செத்தால் உள்ளே உயிலை வாசிப்பார்கள்; வெளியே படியில் அவருடைய மாட்டையும் கலப்பையையும் ஆட்களையும் ஏலம் விடுவார்கள். புருஷன் கிழக்கே போவான், பெண்டாட்டி தெற்கே போவாள். ஜனவரி முதல் தேதி, வருடக் கூலிக்கு அடிமைகளை வாடகைக்கு விடுவதும் அதே படியில்தான். ஆட்களைத் தேடிப் பிடிக்கும் இரவு ரோந்துக்கு யார் யார் என்று பெயர் எழுதுவதும் உள்ளே அதே மேஜையில்தான்.

அந்தக் கட்டடத்தின் செங்கல்லை அறுத்தவர் பிலேமோனின் அப்பா. படிகளுக்கு அடியில் கொடுத்த கல்லைப் பதினாறு வயதில் பிலேமோனே அறுத்தார். இப்போது அவருக்கு அறுபத்தொன்று. உயரம் குறையவில்லை, முதுகு வளையவில்லை. ஆர்ச்சர்கள் யாருக்கும் அடிமைகள் அல்ல. அந்த ஊர்ச் சட்டத்தில் தாய் எப்படியோ பிள்ளை அப்படி. பிலேமோனின் தாய் சுதந்திரமாகப் பிறந்தவள். அதற்கான பதிவுச் சீட்டு, கச்சேரி முத்திரையோடு, ஒரு தகரக் குழாயில் எப்போதும் அவர் சட்டைக்குள் இருக்கும். நாற்பத்தொன்றாம் நம்பர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய் உயரம் அளந்து, தழும்பைக் காட்டிப் புதுப்பித்துக்கொண்டு வருவார்.

கெசியாவை அவர் அடுத்த வீட்டுத் துணி துவைக்க அனுப்பியதில்லை. டாமரிஸை அடிமைக் குடிசைகள் இருக்கும் பக்கமே போக விட்டதில்லை. சபையில் பின்பெஞ்சில் உட்காரமாட்டார். "எங்க வீட்டுல யாருக்கும் எசமான் கிடையாது" என்பார். கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனோஸ் என்ற கொல்லன் டாமரிஸைக் கேட்டு வந்தான். இஞ்சி கேக் சுக்கியின் மகன். நல்ல உழைப்பாளி, நிதானமான பேச்சு. ஆனால் வேறொருவருடைய உடைமை. பிலேமோன் அவனை வாசலுக்குள் விடவில்லை. "எசமான் இருக்கறவனுக்கு இந்த வீட்டுல பொண்ணு இல்ல" என்று தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்லி அனுப்பினார். அடுத்த ஜனவரியில் எனோஸின் எசமான் அவனைக் கச்சேரிப் படியில் ஒரு தெற்கத்தி வியாபாரிக்கு விற்றார். அதற்கும் பிலேமோன் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் சுக்கி அதன்பிறகு ஆர்ச்சர் வீட்டாருக்குக் கேக் விற்றதில்லை.

பெரி சேவிஸ் சுதந்திரமாகப் பிறந்தவன். நீண்ட தட்டைப் படகில் புகையிலைப் பீப்பாய் ஏற்றி ஆற்றோடு போகிறவன், வாயாடி. பிலேமோனுக்கு அவன் வாய் பிடிக்காது. அவனிடம் இருந்த சீட்டு பிடித்தது. சம்மதித்தார்.

அக்டோபர் மாதம் அந்த வருடத்தின் கடைசிச் சூளை எரிந்துகொண்டிருந்தது. உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால் பச்சைக்கல் வெடித்துவிடும். அதனால் செப்டம்பருக்குள் மண்ணை மிதித்து, அச்சில் அறுத்து, கொட்டகையில் காயவைத்து முடித்துவிட வேண்டும். பிறகு நாற்பதாயிரம் கல்லை அடியில் வளைவு வளைவாக விட்டு அடுக்கி, வளைவுகளில் ஓக் கட்டையைப் போட்டு, ஐந்து பகல் ஐந்து இரவு அணையாமல் எரிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வெள்ளைப் புகை வரும், அது கல்லின் ஈரம். புகை நிறம் மாறியதும் தீயை ஏற்ற வேண்டும். எப்போது ஏற்றுவது என்பதை பிலேமோன் வேறு யாரிடமும் விட்டதில்லை. கூட வேலை செய்த இருவரும் ஜனவரியில் அவர் கச்சேரிப் படியில் வருட வாடகைக்கு எடுத்தவர்கள். அவர்களிடம் அவர் கட்டையைத்தான் கொடுப்பார், தீயைக் கொடுக்கமாட்டார்.

இரண்டாம் நாள் காலையில் பெரி வந்து நின்றான்.

"மாமா, புதன்கிழமை படகு கிளம்புது. அதுக்குள்ள கச்சேரியில கல்யாணச் சீட்டு வாங்கிட்டா, திரும்பி வந்ததும் சபையில முடிச்சிடலாம்."

"சூளை எரியறது கண்ணுல படலியா? இன்னும் மூணு நாள் இருக்கு. முடியட்டும். நானே கூட வர்றேன்."

"நீங்க எதுக்கு மாமா? அவளுக்கு இருபத்தி ரெண்டு வயசு. என் சீட்டை நான் காட்டறேன், அவ சீட்டை அவ காட்டறா. க்ரென்ஷா துரை எழுதித் தந்துடப் போறாரு."

"அவ சீட்டு என்கிட்ட இருக்கு."

"அப்போ குடுங்க."

"சூளை முடியட்டும்னு சொன்னேன்."

பெரி சிரித்தான். "கேட்டியா டாமரிஸ்? நாற்பதாயிரம் கல்லுக்கு அப்புறம்தான் நீ."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த டாமரிஸும் சிரித்தாள். "சீட்டு இல்லாட்டி என்ன? புத்தகம் அங்கதானே இருக்கு. அதைப் பாத்து இன்னொண்ணு எழுதித் தருவாங்க. அப்பா தீயைப் பாக்கட்டும், நாம போயிட்டு வந்துடலாம்."

பிலேமோன் வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் மூன்றாவது வளைவில் புகை நிறம் மாறத் தொடங்கியது. அவர் அதைப் பார்க்கத் திரும்பினார். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள், பெரி ஏதோ சொல்ல அவள் அவன் தோளில் தட்டிக்கொண்டே. எட்டு மைல். ஓடிப் போய்ப் பிடித்திருக்கலாம். சூளையை விட்டு அவரால் போக முடியவில்லை. அப்படித்தான் அவர் கெசியாவிடம் சொன்னார்.

பிற்பகல் மூன்று மணிக்கு டாமரிஸ் தனியாக வந்தாள். செருப்பில் மண். நேராகச் சூளை வாய்க்கு வந்து, கூலிக்காரர்கள் இருவரையும் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கண்ணா" என்றாள். அவர்கள் போனார்கள்.

"அப்பா, என் நம்பர் என்ன?"

பிலேமோன் கட்டை எடுத்தார்.

"உங்களுது நாப்பத்தொண்ணு. பெரிக்கு நூத்தி எட்டு. எனக்கு எத்தனை?"

"வெயில்ல நடந்து வந்திருக்க. முதல்ல தண்ணி குடி."

"க்ரென்ஷா துரை சுதந்திரக்காரங்க புத்தகத்தைத் தொடவே இல்ல அப்பா. எந்திரிச்சுப் போய் வேற புத்தகத்தை எடுத்தாரு. கிரயப் பத்திரப் புத்தகம். தேடக்கூட இல்ல. எந்தப் பக்கம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. விரலை வச்சு வாசிச்சாரு. 'கெசியா என்ற நீக்ரோப் பெண், அவள் குழந்தை டாமரிஸ், வயது இரண்டு, வாங்கியவன் பிலேமோன் ஆர்ச்சர்.' வாசிச்சுட்டு, 'உங்கப்பன் உன்கிட்ட சொல்லவே இல்லியா பொண்ணே?'ன்னாரு. கெட்ட எண்ணத்துல கேக்கல. நெஜமாவே ஆச்சரியம் அவருக்கு."

"பெரி எங்க?"

"படியில உக்காந்திருக்கான். வாயே தெறக்கல. அவன் வாய் அடைச்சு நான் இப்பத்தான் பாக்கறேன்."

தீ உறுமிக்கொண்டிருந்தது. பிலேமோன் நிமிர்ந்து நின்று, சபையில் சாட்சி சொல்கிறவரைப் போலச் சொன்னார்: "உங்கம்மாவோட எசமான் செத்தப்ப ரெண்டு பேரையும் படியில நிறுத்தினாங்க. நான் வாங்கினேன். வாங்காம இருந்தா நீ இன்னிக்கு எங்க இருப்பியோ. வாங்கினதும் விடுதலை எழுதிக் குடுத்திருப்பேன். சட்டம் விடல. விடுதலையான ஆளு பன்னண்டு மாசத்துல மாகாணத்தை விட்டுப் போகணும். போகலேன்னா திரும்ப அதே படி, அதே ஏலம். காகிதத்துலதான் நீ என் உடைமை. வீட்டுல என் மக. இதுல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லலியே. ரெண்டு வயசுல என்கிட்ட சொல்ல முடியாது. பத்து வயசுல சொல்லியிருக்கலாம்."

"சின்னப் பொண்ணு. வெளிய சொல்லிடுவ."

"பதினெட்டுல?"

அவர் வளைவுக்குள் குனிந்து தீயைப் பார்த்தார்.

"எனோஸ் வந்தான்ல. அன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல? எசமான் இருக்கறவனுக்குப் பொண்ணு இல்லன்னு சொன்னீங்க. தெருவே கேட்டுச்சு. நான் உள்ள நின்னுக்கிட்டு, ஆமா, நாம யாரு, அவன் யாருன்னு நெனச்சேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறதை ஜன்னல் வழியாப் பாத்தேன். நானும் நிமிந்துதான் நின்னேன் அப்பா, உங்களை மாதிரியே."

"கட்டை போடணும். சூளைச் சூடு இறங்கிடும்."

"இறங்கட்டும்."

அவர் கட்டையைப் போட்டார். ஒன்று போட்டு, இன்னொன்றும் போட்டார். மகள் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்; பிறகு வீட்டுக்குப் போனாள். அந்தச் சூளையில் ஒரு கல் பழுதாகவில்லை. அதை எண்ணிப் பிலேமோன் பின்னாளில் வெட்கப்பட்டது போல வேறெதற்கும் வெட்கப்பட்டதில்லை.

சூளையை மண் பூசி மூடிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். படகு பெரி இல்லாமலே போய்விட்டது. கெசியா சோளரொட்டி சுட்டு, உப்புப் பன்றிக்கறி போட்டுக் கீரை வேகவைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் சுட்டு எடுத்திருந்தாள். யாரும் கை வைக்கவில்லை. பிலேமோன் ஜெபம் சொன்னார். அதற்கும் ஆமென் சொன்னது கெசியா மட்டும்தான்.

பெரிதான் ஆரம்பித்தான். "மாமா, ஒரு வழி கேட்டுட்டு வந்திருக்கேன். புருஷன் பேருக்குப் பொண்டாட்டியை எழுதலாம், சட்டம் அதுக்கு எடம் குடுக்குது. என் பேருக்கு மாத்தி எழுதிடுங்க. யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாம். எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கும்."

"நீ ஆத்துல முழுகிட்டா?" என்றாள் டாமரிஸ்.

"நான் ஏன் முழுகறேன்?"

"போன வருஷம் மூணு பேர் முழுகினாங்க. அவங்க முழுகறோம்னு சொல்லிட்டா போனாங்க? நீ செத்தா நான் உன் அண்ணனுக்குப் போவேன். உன் அண்ணன் குடிகாரன். குடிகாரன் கையில கழுதை இருந்தாலே விப்பான்."

"என் அண்ணன் அப்படி இல்ல…" என்று இழுத்தான் பெரி. பிறகு, "அப்படித்தான்" என்றான்.

பிலேமோன் தொண்டையைச் செருமினார். "சீட்டே வேண்டாமே. பாதிரியார் சபையில சேத்து வச்சா போதும். ஊர்ல யாரு கச்சேரிப் புத்தகத்தைத் தெறந்து பாக்கப் போறா? க்ரென்ஷா துரை சொல்லமாட்டாரு. பெரி சொல்லமாட்டான். இந்த நாலு சுவத்துக்குள்ள இருந்துட்டுப் போகட்டும். நம்ம மானம் நம்ம கையில இருக்கு."

"எனக்குப் பொறக்கற புள்ள யாருது அப்பா?"

"உனக்குப் பொறக்கறது உன் புள்ள."

"தாய் எப்படியோ புள்ள அப்படின்னு நீங்கதான் சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தீங்க, பெருமையா. அப்போ அது உங்களுது. வருஷா வருஷம் நீங்க வரி கட்டற கணக்குல அம்மா ஒண்ணு, நான் ஒண்ணு, அது மூணாவது."

கெசியா எழுந்து கிழங்கை எல்லார் தட்டிலும் வைத்தாள். வைத்துவிட்டு உட்காராமல் பேசினாள். அவள் நீளமாகப் பேசியதை டாமரிஸ் அதிகம் கேட்டதில்லை.

"என்னையும் சேத்துக் கேளுடி. எனக்கும் தெரியும். அந்தப் படியில உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னவ நான். கீழ இருபது பேர் நின்னாங்க, எல்லாரும் வெள்ளைக்காரங்க, நடுவுல இவரு. தொப்பியைக் கழட்டாம, அவங்களை மாதிரியே கையைத் தூக்கினாரு. ஒரு வியாபாரி ஏத்தினான். இவரும் ஏத்தினாரு. என் பல்லைப் பாக்கணும்னு அந்த வியாபாரி வந்து வாயைத் தெறந்தான். இவரு பாத்துக்கிட்டு நின்னாரு, என்ன செய்ய முடியும்? எறங்கி வந்ததும் இவரு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. 'இது நடக்கவே இல்லன்னு நெனச்சுக்க.' நானும் நெனச்சுக்கிட்டேன். இருபது வருஷம். நல்லாத்தான் இருந்துச்சு."

"கெசி, போதும்" என்றார் பிலேமோன்.

"போதும்னுதான் நானும் சொல்றேன். அவளுக்கு எழுதிக் குடுங்க."

"எழுதினா போயிடுவா. இங்க இருக்க அனுமதி கேட்டு மனு போட்டாலும் அந்த நீதிபதிங்க குடுக்கமாட்டாங்க. ஏழு வருஷமா ஒருத்தருக்கும் குடுக்கல. அடிமைத்தனம் இல்லாத ஒஹாயோவுக்குத்தான் போகணும்; போனா திரும்பி வர விடமாட்டாங்க, நாம அவ முகத்தைப் பாக்கப் போறதில்ல."

"தெரியும்."

"அது மட்டும் இல்ல." அவர் குரல் இறங்கியது. "சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வர்ற காரியமில்ல. கச்சேரி நாள்ல, எல்லார் முன்னாலயும் வாசிப்பாங்க. என்னை நிறுத்தி வச்சுக் கேப்பாங்க. சொல்லணும்."

டாமரிஸ் அப்பாவைப் பார்த்தாள். அன்றுதான் அவளுக்குப் புரிந்தது, அவர் பயந்தது அவள் போவதற்கு மட்டும் அல்ல என்று.

"சொல்லுங்க" என்றாள். "தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்ல உங்களுக்குத் தெரியும்."

பெரி தலையைக் குனிந்துகொண்டு ஒரு துண்டு ரொட்டியைக் கீரைச் சாற்றில் தோய்த்துத் தின்ன ஆரம்பித்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பிலேமோன் தனியாகக் கச்சேரிக்குப் போனார். எழுத்தரின் அறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். க்ரென்ஷா துரை நல்ல மனிதர் என்று பெயர். முப்பது வருட மை அவர் விரலில் ஊறியிருந்தது.

"கடைசில எழுதறியா பிலேமோன்? பொண்ணுக்கு மட்டுமா, பொண்டாட்டிக்கும் சேத்தா?"

"பொண்ணுக்கு மட்டும் துரை. கெசியா போகமாட்டேங்கறா."

"நல்ல பொம்பளை." துரை பேனாவைத் தோய்த்தார். "அடையாளம் சொல்லு. நிறம், உயரம், தழும்பு."

"அவளையே கூட்டிட்டு வந்து அளந்துக்கலாமே துரை."

"அது அவ சீட்டுக்கு. இது உன் பத்திரம். உன் உடைமையோட அடையாளம் உனக்குத் தெரியாதா?"

பிலேமோன் சொன்னார். கரும்பழுப்பு நிறம். ஐந்தடி நான்கங்குலம். இடது மணிக்கட்டில் சுட்ட தழும்பு. ஏழு வயதில் சூளை வாயில் கை வைத்தாள். அன்று அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய் மோர்ப் பானைக்குள் கையை வைத்தார்; அது ஆறும்வரை மூன்று நாள் மடியிலேயே வைத்திருந்தார். பத்திரத்தில் அதற்கு இடம் இல்லை. 'இடது மணிக்கட்டில் தீத்தழும்பு' என்று துரை எழுதினார்.

"துரை, இதை வாசிக்காம பதிவு செய்ய முடியாதா?"

க்ரென்ஷா துரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், வெக்கமா? இதுல வெக்கப்பட என்ன இருக்கு? வருஷா வருஷம் ரெண்டு ஆளுக்கு வரி கட்டற. ஷெரீப்புக்குத் தெரியும், கர்னலுக்குத் தெரியும், வரிக்காரனுக்குத் தெரியும். மாவட்டத்துலயே அடிமையை அடிக்காத எசமான் பிலேமோன் ஆர்ச்சர்தான்னு நாங்க பேசிப்போம்."

அவர் பகடியாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். எட்டு மைல் திரும்பி நடக்கையில் பிலேமோனுக்கு அது மட்டும்தான் காதில் கேட்டது. இருபது வருடமாகச் சபையிலும் சாலையிலும் அவர் தலையை நிமிர்த்தி நடந்தபோதெல்லாம், வெள்ளைக்காரர்கள் அவருக்கு வழிவிட்டுப் புன்னகை செய்வார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தார். அவர்களில் ஒருவராக நினைத்துத்தான் சிரித்திருக்கிறார்கள். அவருடைய சொந்த ஜனங்களுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

கச்சேரி நாளன்று வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மைதானத்தில் குதிரைகளின் மூச்சு புகையாக எழுந்தது. சுக்கி வழக்கம்போல ஜன்னலுக்குக் கீழே கூடையை வைத்து, துணியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். முதலில் ஒரு வேலித் தகராறு, பிறகு ஒரு உயில், பிறகு ரோந்துக்குப் பெயர்கள். பதினொரு மணிக்கு க்ரென்ஷா துரை, "பிலேமோன் ஆர்ச்சர், விடுதலைப் பத்திரம்" என்றார்.

பிலேமோன் முன்னால் போனார். டாமரிஸையும் கூப்பிட்டார்கள். பெரி அவளுடைய கையைப் பிடித்தபடி இரண்டடி வந்தான். ஷெரீப் தலையை அசைத்ததும் நின்றுவிட்டான். க்ரென்ஷா துரை வாசித்தார். அவருக்குத் தெளிவான குரல். பிலேமோன் ஆர்ச்சர் என்னும் சுதந்திரக் கறுப்பனாகிய நான், என் நீக்ரோ அடிமைப் பெண்ணாகிய டாமரிஸை, வயது சுமார் இருபத்திரண்டு, இடது மணிக்கட்டில் தீத்தழும்பு உள்ளவளை, இன்று முதல் என் உரிமையிலிருந்தும் என் வாரிசுகளின் உரிமையிலிருந்தும் விடுவிக்கிறேன்.

பெஞ்சுகளில் பேச்சு நின்றது. குதிரை வியாபாரி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அவன் பொண்ணுதானே அது?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே சுக்கி கூடையைத் தரையில் வைத்தாள்.

கர்னல் பைத் துரை பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். "இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க துரை."

"இதில் சொல்லப்பட்ட பெண் உன் அடிமையா?"

பிலேமோனின் உதடு அசைந்தது. தகரக் குழாய் சட்டைக்குள் மார்பைக் குத்தியது.

"ஜன்னல் பக்கம் சத்தம். கேக்கல" என்றார் கர்னல். "இந்தப் பெண் உன் அடிமையா?"

"ஆமாங்க துரை" என்றார் பிலேமோன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

"பதிவு செய்யலாம்" என்றார் கர்னல். "பொண்ணே, பன்னண்டு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் இங்க இருந்தாலும் ஷெரீப் உன்னைத் தேடி வருவான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா."

அவளைக் கதவு நிலையில் நிறுத்தி, உயரத்தை அளந்து, கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்து, சீட்டு எழுதினார்கள். நூற்று அறுபத்து மூன்று. மை காய்வதற்குள் அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள். ஒரு கழுதையைப் பற்றியது.

அவர்கள் வெளியே வந்தபோது, சுக்கி ஏழு படிகளுக்கும் கீழே வந்து நின்றிருந்தாள்.

"ஆர்ச்சரே" என்றாள். இதற்கு முன் அவள் ஆர்ச்சர் ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

பிலேமோன் நின்றார்.

"என் பையன் உங்க வீட்டுக்கு வந்தான். பட்டறைக் கரியெல்லாம் தேச்சுக் கழுவிட்டு, என் எசமானியம்மாகிட்ட கெஞ்சி வாங்கின சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தான்."

"வந்தான்."

"உள்ள கூப்பிடல நீங்க."

"கூப்பிடல."

"உங்க பொண்ணுக்கும் எசமான் இருந்திருக்காரு. என் பையனுக்கும் எசமான் இருந்தாரு. ரெண்டு எசமானும் உக்காந்து பேசியிருந்தா கல்யாணமே ஆகியிருக்கும். எங்க துரை அதுக்கெல்லாம் மறுப்புச் சொல்லமாட்டாரு."

பெரி ஏதோ சொல்ல வந்தான். கெசியா அவன் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

பிலேமோன் தொப்பியைக் கழற்றினார். கறுப்பர் ஒருவர் முன்னால், அதுவும் சுக்கி முன்னால், அவர் தொப்பியைக் கழற்றியதை அங்கே யாரும் பார்த்ததில்லை. சுக்கி அதைப் பொருட்படுத்தவில்லை. டாமரிஸிடம் திரும்பி, அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்போ போறீங்க?"

"பனி விட்டதும் அத்தை. மார்ச்சுல."

"ஒஹாயோவுல அடுத்தவங்க வீட்டு வாசல்ல நிப்ப. உள்ள கூப்பிடுவாங்களான்னு பாரு." கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "தெற்கேயிருந்து தப்பிச்சு வர்றவங்க அந்தப் பக்கம்தான் வர்றாங்களாம். எனோஸ்னு ஒருத்தன், கொல்லன், வலது காது மடல்ல வெட்டு இருக்கும். கேட்டுப் பாரு" என்றாள்.

"கேக்கறேன் அத்தை. எல்லா ஊர்லயும் கேக்கறேன்."

அவர்கள் திரும்பி நடந்தார்கள். போகும்போது பிலேமோன் முன்னால் போனார். வரும்போது பெரியும் டாமரிஸும் முன்னால் நடந்தார்கள். கெசியா நடுவில். பிலேமோன் கடைசியில், தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

அடுத்த ஞாயிறு சபையில் அவர் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஜனவரி முதல் தேதி கச்சேரிப் படிக்கு ஆள் எடுக்கப் போகவில்லை. அந்த வருடம் கெசியாவும் அவரும் மட்டும் மண் மிதித்து, பாதிச் சூளைதான் போட்டார்கள். நவம்பர் கடைசியில் சபையில் கல்யாணம் முடிந்த டாமரிஸும் பெரியும், மார்ச் மாதம் வேறு இரண்டு குடும்பங்களோடு வண்டியில் மேற்கே போனார்கள். புறப்படுகிற நாள் காலையில் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அப்பாவிடம் வந்தாள். "உடம்பைப் பாத்துக்கங்க அப்பா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது நான்காவது மாதம். அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று பிலேமோன் குளிர்காலம் முழுக்க யோசித்து வைத்திருந்தார். அதைச் சொல்லாமல், "சீட்டை நனைய விடாதே" என்று மட்டும் சொன்னார்.

கெசியா ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதாம் வருடம் இறந்தாள், காகிதத்தில் கடைசிவரை அவருடைய உடைமையாக. அந்த வருட வரிக்கணக்கில் அவள் பெயரை அடிக்க அவர்தான் போனார். பிலேமோன் அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தார்.

ஒஹாயோவில் டாமரிஸின் பிள்ளைகள் வளர்ந்த ஊரின் சபையில், அவரைப் பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கச்சேரியில் கர்னல் கேட்டபோது, பிலேமோன் ஆர்ச்சர் நெஞ்சை நிமிர்த்தி, இவள் என் அடிமை அல்ல, என் மகள் என்று முழங்கினாராம். அதைக் கேட்டு அந்த அறையே எழுந்து நின்றதாம். குடும்பத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் அது உண்மை அல்ல. கர்னல் இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை பிலேமோனின் குரல் எழும்பவில்லை, இரண்டாம் தடவை ஆமாம் என்றார். மகள் என்ற சொல்லை அந்த அறையில் அவர் சொல்லவே இல்லை. யாரும் எழுந்து நிற்கவும் இல்லை.